கலிபோர்னியாவின் பொறுமைக்கு ஒரு வாழ்த்துமடல்

கலிபோர்னியாவுக்குச் சட்டமும் விதியும் வகுப்போரே, முதல் வாழ்த்து உங்கள் அறிவுக்கு. காட்டுத்தீயை உங்கள் அளவுக்கு அறிந்த அரசு அரிது. தீப்பிழம்பு வந்து மோதித்தான் வீடு எரிய வேண்டும் என்பதில்லை. காற்றில் பறந்து வரும் தணல் துண்டு ஒன்று போதும். கூரைக்கடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாகப் பரணுக்குள் புகும். மழைநீர் வாரியில் மக்கிக் கிடக்கும் சருகில் விழும். சன்னலடியில் குவித்த மரப்பட்டைத் துகளில் கனன்றுகொண்டே இருக்கும். தீயணைப்பு வண்டி போன பிறகு வீடு உள்ளிருந்து எரியும். காடு எப்படி எரிகிறது என்பதைவிட, வீடும் அதை ஒட்டிய சில அடி நிலமும் எப்படி இருக்கின்றன என்பதே வீட்டின் கதியைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள்.

கேட்டதோடு நிற்கவில்லை. 1991-இல் ஓக்லாந்து மலைச்சரிவில் 25 பேர் இறந்தார்கள். 1992-இல் அபாயப் பகுதிகளை வரைபடமாக்கச் சட்டம் செய்தீர்கள். 2008-இல் வந்த கட்டட விதியில் குறை காண எனக்குத் தெரியவில்லை. எளிதில் தீப்பற்றாத கூரை, நுண்ணிய கம்பி வலையோ தணல் தடுப்போ உள்ள காற்றுத் துளை, வெப்பம் தாங்கும் சன்னல் கண்ணாடி என்று தணல் நுழையும் வழி ஒவ்வொன்றையும் அது தேடித் தேடி அடைத்தது. 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊர் எரிந்தபோது அந்த விதியின் அருமை உலகுக்குத் தெரிந்தது. அதன்படி கட்டிய வீடுகளில் ஏறக்குறைய பாதி தப்பின. முந்தைய வீடுகளில் ஐந்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

இங்கேதான் உங்கள் பெருந்தன்மையை வணங்க வேண்டும். இவ்வளவு நல்ல விதியைப் புது வீடுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பழைய வீட்டுக்காரர்களைச் சிரமப்படுத்தாமல் விட்டீர்கள். பாரடைஸ், ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைந்த ஊர். காற்றுத் துளைக்கு வலை மாற்றுங்கள், கூரையை மாற்றுங்கள் என்று அந்த விதி அவர்களைக் கேட்கவில்லை. அந்தத் தீயில் இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

கருவூலத்தைக் காத்ததற்கும் ஒரு வாழ்த்து. பழைய வீடுகளைச் சீரமைக்க 100 கோடி டாலர் கடன் நிதி என்று 2019-இல் சட்டமன்றத்தில் ஒரு யோசனை வந்தது. சட்டம் நிறைவேறும்போது அந்தப் பணம் அதில் இல்லை. வீட்டை விற்பவர் அதன் குறைகளை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கடமை இருந்தது. இப்படியாக, தன் வீடு எதனால் எரியும் என்பதை ஒருவர் வாங்கும்போதே அறிந்துகொள்ளும் நிலையை உண்டாக்கினீர்கள்.

ஆனாலும் உங்கள் புகழ் முழுமை பெறுவது அந்த ஐந்தடியில்தான். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கலாகாது, விறகடுக்கும் புதரும் சுவரைத் தொடும் மரவேலியும் கூடாது என்பது தீயணைப்பாளர் பலரும் வலியுறுத்தும் அறிவுரை. 2020-இல் அதற்குச் சட்டம் இயற்றினீர்கள். விதிமுறை வகுக்க 2023 ஜனவரி 1 கெடு. அந்த நாள் வந்தது, போனது. செடி வைத்தவர், வேலி வைத்தவர், நிழல் போய்விடும் என்று கவலைப்பட்டவர், செலவுக்கு அஞ்சியவர் எல்லாரையும் பொறுமையாகக் கேட்டீர்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது; அவர்களைக் கேட்டது சரியே. பரண் துளைகளும் அத்தனை நாளும் திறந்தே இருந்தன.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் பாலிசேட்ஸிலும் ஆல்டடீனாவிலும் தீ பற்றியது. 31 பேர் இறந்தார்கள்; 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நீங்கள் விரைவாகவும் செயல்பட வல்லவர்கள் என்பது அப்போது தெரிந்தது. தீ முற்றிலும் அணையும் முன்பே, மறுபடி கட்டுவோருக்குத் தடையாக இருக்குமென்று சுற்றுச்சூழல் ஆய்வையும் கடற்கரை அனுமதியையும் ஆளுநர் தளர்த்தினார். பிப்ரவரியில், ஐந்தடி விதியை ஆண்டு முடிவதற்குள் முடிக்குமாறு உத்தரவிட்டார். இரண்டு ஆண்டுகளாகக் கெடு தாண்டிக் கிடந்த வேலைக்குப் புதிய கெடு கிடைத்தது. பழைய வீடுகளுக்கு, விதி வந்த பிறகும் சில ஆண்டுகள் அவகாசம் உண்டு.

உங்கள் சமநோக்கைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நெருக்கமாக வீடுகள் நிற்கும் தெருவில் தீயைக் கடத்துவது காடல்ல, பக்கத்து வீடு. ஒருவர் கடன் வாங்கி விதிப்படி கூரை வேய்கிறார், வலை பொருத்துகிறார், சுவரடியில் சரளைக்கல் பரப்புகிறார். அடுத்த வீட்டின் மரவேலி எரிந்து, அந்த வீடும் எரிந்து, அதன் அனலில் இவருடைய சன்னல் கண்ணாடி வெடிக்கிறது. விதியைக் காத்தவரையும் விதி எட்டாதவரையும் நீங்கள் வேறுபடுத்தவில்லை. இருவர் மனையும் ஒரே இரவில் ஒன்றுபோல் சாம்பலாகும்படி, முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பழைய வீட்டுக்காரர் ஒருவரையும் வீட்டைச் சீரமைக்க வற்புறுத்தாமல் காத்து வந்திருக்கிறீர்கள்.