லாக் புக்கில் கையெழுத்து இல்லை

'ரிலீவர்' என்றால் யார் என்று நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன்: அடுத்த ஷிப்டுக்கு வருகிற ஆள். அவர் வந்து, எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று கேட்டு, லாக் புக்கையும் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் நாற்காலியில் இருப்பவர் எழுந்திருக்கலாம். இங்கே சுரங்கத்துக்கு அடியில் ஊற்று நீரின் அழுத்தம் அப்படி. ராப்பகலாக இறைக்காவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் பம்புக்கும் லீவு இல்லை, பம்பைப் பார்க்கிறவருக்கும் ரிலீவர் வராமல் வீடு இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் மாறி மாறி டூட்டி பார்த்து வந்ததில், ஒரு நாள் சத்தம் நின்றுபோனது.

லேப்டாப் அரசு கொடுத்தது. என் மச்சினர் மகன் குறிஞ்சிப்பாடிப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தபோது வாங்கியது. வேலை கிடைத்ததும் எங்களிடம் விட்டுப் போனான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேசாத பெருமை ஒன்று உண்டு. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தது. மற்ற ஊர்களில் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கண்விழித்துச் செய்துகொள்ளும் டூயல் பூட், நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பையோடு கிடைத்தது. பிள்ளைகள் பாஸுக்குக் காட்டிய மரியாதை, கறுப்புத் திரை வந்ததும் அம்புக்குறியைத் தட்டி விண்டோஸுக்குத் தப்பித்ததுதான். எங்கள் பையன் மட்டும் விஷயம் தெரிந்தவன். பாஸை எடுத்துவிட்டு உபுண்டு போட்டான், விண்டோஸைப் பத்தாக்கினான்.

வீட்டில் வேலைப் பிரிவினை தெளிவு. விண்டோஸ் என் வருமானவரிக்கு, உபுண்டு என் மனைவியின் பாட்டுக்கு. "அப்டேட்டுன்னு சொல்லி உட்கார வைக்காதுங்க" என்பது அவள் கட்சி. அந்த உபுண்டுவில்தான் சீர்காழி கோவிந்தராஜன் வாயை மூடினார். செட்டிங்ஸைத் திறந்தால் ஸ்பீக்கர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்றிருந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "இது என்னங்க, உங்களைப் பத்தி எழுதியிருக்கு?" என்றாள்.

மச்சினர் மகன் போனில் வைத்தியம் சொன்னான். ஆல்சாமிக்சர் என்று ஒன்றைத் திறக்கச் சொன்னான். கறுப்புத் திரையில் கோடு கோடாக நிற்கும். எந்தக் கோட்டின் கீழே 'எம் எம்' என்றிருக்கிறதோ அது வாய் கட்டப்பட்டது, எம் விசையைத் தட்டி அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தோம். வந்தவர் போனவர் எல்லாம் ஆளுக்கொரு கோட்டை உச்சிக்கு ஏற்றினார்கள். டம்மி டம்மியாகவே இருந்தது.

பிறகு பையன் வரலாறு சொல்லத் தொடங்கினான். லினக்ஸில் சத்தத்தைச் சரிசெய்ய 1998-இல் செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா ஆல்சாவைத் தொடங்கினாராம். அது போதாது என்று 2004-இல் பல்ஸ்ஆடியோ அதன் தலைமேல் ஏறியது. அதுவும் போதாது என்று 2017-இல் விம் டேமன்ஸ் பைப்வயரைக் கொண்டுவந்தார். இந்தப் பைப்வயரிடம் போய் நீ யார் என்று கேட்டால் 'பல்ஸ்ஆடியோ' என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள்தான் தன் சொந்தப் பெயரைச் சொல்லும். மாமியார் வீட்டில் அடக்கமாக இருக்கத் தெரிந்த மென்பொருள். இத்தனை பேர் பாடுபட்டும் எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அடுத்த குவார்ட்டர்ஸ் அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து வந்து எட்டிப் பார்த்தார். முதல் அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர். 2020-இல் அதை மூடியதும் புது நிலையத்துக்கு மாறியவர். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை அவர் ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்வார்.

"முன்னாடி யாரு டூட்டி?"

"விண்டோஸ்ணே. வரி கட்டினேன்."

"ஹேண்ட்ஓவர் பண்ணுச்சா?"

"ஷட்டவுன்தான் பண்ணேன். ஆனா சி டிரைவை இங்கேருந்து திறக்கப் போனா, விண்டோஸ் ஹைபர்னேட்ல இருக்கு, விடமாட்டேங்குது."

"அப்ப அவன் வீட்டுக்கே போகல தம்பி. சேர்லயே தூங்குறான். சாவியும் அவன் பாக்கெட்லதான் இருக்கும்."

அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. 2012-இல் விண்டோஸ் எட்டோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்தவற்றை மூடிவிடும். தன் உள்கட்டமைப்பை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். மறுநாள் சட்டென்று எழுந்திருக்கத்தான் இந்த ஏற்பாடு. தனிக்குடித்தனத்தில் நல்ல பழக்கம்தான். இன்னொருவரோடு நாற்காலியைப் பகிரும்போது, ஆடியோ சிப் சில மெஷின்களில் விண்டோஸ் விட்ட நிலையிலேயே கிடக்கிறது, லினக்ஸ் தட்டினால் எழுந்திருப்பதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்த அரைத்தூக்கம் இல்லை. ஆனால் கரண்ட் அறுபடுவதும் இல்லை, சிப் பழைய நினைப்பிலேயே இருந்துவிடலாம். ஆக, ஷட்டவுன் என்றால் அணைவதில்லை, ரீஸ்டார்ட் என்றாலும் அணைவதில்லை.

இது அண்ணனுக்குத் தாங்கவில்லை. அவர் இருந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் சோவியத் ஒத்துழைப்போடு ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் நிலையம். அதன் யூனிட்டுகள் ஒவ்வொன்றாக நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். "ஷட்டவுன்னா அது தம்பி. பர்மிட் வாங்கி, ஐசொலேட் பண்ணி, போர்டு மாட்டணும். இதுக்குப் பேரு ஷட்டவுனாம்!"

பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தேன். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும் என்று பையன் சொன்னான். நெய்வேலியில் ஷிஃப்டைப் பிடிக்க ஆள் பஞ்சமா என்ன, அண்ணனே பிடித்துக்கொண்டார். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தி, 'மெஷின் டெட்' என்று அவர் அறிவித்த பிறகு உபுண்டுவை ஏற்றினோம்.

சீர்காழி வந்தார். எல்லாக் கோடுகளும் உச்சியில் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதிர் குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் லுங்கியோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

அன்று மாலையே அண்ணன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, ஸ்கேலால் கோடு போட்டு, லேப்டாப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டார். விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றுகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் மனைவி ஒழுங்காகப் போடுகிறாள். நேற்றுக் காலை அவள் எழுதியிருந்தது: 'சவுண்டு நார்மல். வைஃபை இல்லை. அடுத்த ஷிப்ட் கவனிக்கவும்.'