பூவன் பழத்தின் நாடி

எங்கள் தலைமுறைப் பெண்கள் வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பித்தான் கட்டுவோம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி மணி பார்க்கலாம் என்பார்கள், கண்ணாடியில் கீறல் விழாது என்பார்கள். கையில் கணக்குப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டே, பீரியட் முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என் காரணம். கல்யாணத்துக்கு வந்த டைட்டன் வாட்ச் அப்படியே என் கையில் காலம் தள்ளியது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984ல் தொடங்கிய கம்பெனி, ஓசூரில் செய்த வாட்ச். எப்போதாவது ஒரு பேட்டரி கேட்கும், அவ்வளவுதான். என் உடம்பைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது கட்டியிருப்பது பேசுகிறது. வாயே மூடுவதில்லை.

டாக்டர் "நடங்க" என்றார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். பெங்களூரிலிருந்து மகன், "ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக்கம்மா, அப்பாவுக்கும் ஒண்ணு" என்று பணம் அனுப்பிவிட்டான். தில்லைநகரில் ஒரு கடைக்குப் போனோம்.

"மேடம், இதுல 120 ஸ்போர்ட்ஸ் மோடு இருக்கு" என்று விற்பனைப் பையன் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். பனிச்சறுக்கு, வாள்சண்டை, குதிரையேற்றம், படகுத் துடுப்பு. காவிரியில் தண்ணீர் வருகிற மாதங்களில் துடுப்பு வேண்டுமானால் உதவலாம். ஆனால் பனிச்சறுக்கு? சித்திரை வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொள்கிற ஊர் திருச்சி. துணி துவைத்தல், கோலம் போடுதல், தேங்காய் துருவுதல் என்று ஏதாவது இருக்கிறதா என்று நானும் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். வாள்சண்டை போடுகிற பெண்களுக்குத்தான் வாட்ச் செய்திருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பி, சுகர் காட்டுமா?" என்றார்.

"எல்லாம் காட்டும் சார்" என்றான் பையன், வாய் கூசாமல்.

வாத்தியார் வேலை பார்ப்பவளுக்கு இந்த இடத்தில் சும்மா இருக்க வராது. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரையைத் தானாகவே அளக்கும் என்று சொல்கிற வாட்ச்சையோ மோதிரத்தையோ நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்ததையும், அப்படி ஒரு கருவிக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அவர்கள் சொன்னதையும், அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதையும் எடுத்துச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பையன் பக்கம் திரும்பி, "அப்ப பிரஷர்?" என்றார்.

நாங்கள் பேட்டரியைப் பார்த்து வாங்கினோம். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆப்பிள் வாட்ச்சுக்குப் பல வருஷமாக 18 மணி நேரம் என்றே அந்தக் கம்பெனி சொல்லிவந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கப் போனபின் கதவைப் பூட்டி, பாலை மூடி, கேஸை அணைத்துவிட்டு, வாட்ச்சுக்கும் தினம் சோறு ஊட்ட என்னால் ஆகாது. ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதாக ஒன்றைப் பையன் எடுத்துத் தந்தான். விலை மலிவு. டயல் மட்டும் என் மணிக்கட்டை முழுசாக அடைத்துக்கொண்டது. வளையல்களை இடது கையிலிருந்து வலது கைக்குக் குடிமாற்ற வேண்டியதாயிற்று.

வழக்கம்போல உள்பக்கம் கட்டினேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. கையை உயர்த்தி முகத்துக்கு நேராகத் திருப்பினால் திரை எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. உள்பக்கம் கட்டியவள் கையைத் திருப்புகிற விதம் அதற்குப் புரியாது. மணி பார்க்கும்போது இருட்டாக இருக்கும், சாமி கும்பிடும்போது பளிச்சென்று எரியும். வேறு வழியில்லாமல் வெளிப்பக்கம் மாற்றினேன். அதன்பின் கரும்பலகையில் ஒவ்வொரு வரி எழுதும்போதும் எரிந்தது. ஒருநாள் இருபடிச் சமன்பாட்டின் நடுவில் முன்வரிசைப் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். "டீச்சர், வீட்ல வெங்காயம் இல்லையாம்" என்றாள் ஒருத்தி.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன் வருவதுதான் கொடுமை. வாட்ச்சிலேயே மைக், வாட்ச்சிலேயே ஸ்பீக்கர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வருகிறேன், பஸ்ஸில் நிற்க இடமில்லை, ஒரு கையில் பை, மறு கையில் கம்பி. காவிரிப் பாலத்தில் ஏறும்போது மணி அடித்தது. சிவப்பைத் தொடப்போன கட்டைவிரல் குலுக்கலில் பச்சையைத் தொட்டுவிட்டது.

"அக்கா! அந்தப் பையன் வீட்ல இருந்து வந்துட்டுப் போனாங்க" என்று கும்பகோணத்திலிருந்து என் தங்கை பஸ் முழுக்கப் பேசினாள். "எல்லாம் சரிதான், முன்னந்தலையில முடியே இல்லக்கா!"

கண்டக்டர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் பஸ்ல இருக்கேன்டி, அப்புறம் பேசறேன்."

"ஒரே நிமிஷம்க்கா, நீ என்ன சொல்ற?"

நான் வாய் திறக்கும் முன்னால், ஜன்னலோரத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் மணிக்கட்டுக்கு அருகே வாயைக் கொண்டுவந்து, "முடியை விடும்மா, வேலை நிரந்தரமான்னு கேளு" என்றார்.

"நிரந்தரம்தான்" என்றாள் தங்கை. அப்புறம்தான், "யாருக்கா அது?"

திருவானைக்கோவிலுக்குள் விஷயம் முடிவாகிவிட்டது. பெரும்பான்மை, பையன் பக்கம். சம்பந்தம் கூடியும்விட்டது. பத்திரிகை வைக்க அந்தப் பூக்கார அம்மாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கருவியையும் சோதிக்காமல் விடமாட்டார். நாடித்துடிப்பு எப்படிப் பார்க்கிறது என்று வாட்ச்சைக் கவிழ்த்து வைத்து ஆராய்ந்தார். அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் வைத்தியர். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்கிறது. "அப்ப இதுக்கு வேண்டியது வெளிச்சம் திரும்பி வர்றதுதானே" என்றவர், சாமி படத்துக்கு முன்னால் இருந்த பூவன் பழத்தில் ஒன்றைப் பிய்த்து அதில் வாட்ச்சைக் கட்டினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நிமிடத்துக்கு 76 என்றது வாட்ச்.

"நார்மல்" என்றார். பிறகு உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

மலிவு வாட்ச்சின் சங்கடம் இது. தெரியவில்லை என்று சொல்ல அதற்குக் கூச்சம், ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடும். என் வகுப்பிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். தூக்கக் கணக்கும் இதே லட்சணம்தான். ஆழ்ந்த தூக்கமா, மேலோட்டமானதா, கனவா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பதானால் தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். இது கை அசையவில்லை என்பதையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்று மறுநாள் பாராட்டியது.

காலடி எண்ணுவதில்தான் எங்கள் வீட்டில் போர் மூண்டது. வாட்ச்சுக்குக் கால் தெரியாது. நடக்கும்போது கை வீசுகிறோம் அல்லவா, அந்த ஆட்டத்தை உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் பிடித்து, அதைக் காலடி என்று எழுதிக்கொள்கிறது. இவர் உத்தர வீதியில் நடப்பது எப்படியென்றால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, இருபுறமும் பார்த்துக்கொண்டு, அந்த வீதியே தன் ஷிஃப்டில் இருப்பதுபோல. கை அசையாது. நாலு வீதியும் சுற்றி வியர்த்து வந்து பார்த்தால், வாட்ச் பாதிக்கு மேல் விழுங்கியிருக்கும். மலைக்கோட்டை ஏறிப்போய் உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தார். 83 மீட்டர் உயரப் பாறை. ஏற்றத்தை அறிய காற்றழுத்தமானி வேண்டும், எங்கள் வாட்ச்சில் அது கிடையாது. தரையில் நடந்த கணக்கிலேயே எழுதியது, அதிலும் கைப்பிடியைப் பிடித்து ஏறிய படிகளுக்குத் தள்ளுபடி.

நானோ அன்றைக்கு வீட்டைவிட்டு இறங்கவேயில்லை. அவியலுக்கும் துவையலுக்கும் தேங்காய் துருவினேன், போர்வைகளை அலசினேன், மாவு கரைத்தேன். மாலையில் என் வாட்ச் அதிர்ந்து, பட்டாசு வெடிக்கிற படம் காட்டி, 10,000 காலடி ஆயிற்று என்று வாழ்த்தியது.

"இது அநியாயம்" என்றார் அவர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையலறையில் செய்கிற வேலையை வேலை என்று ஒருவர் எழுதி வைத்தது இதுதான் முதல் தடவை. தெரியாமல் எழுதியது என்றாலும் எழுதியது எழுதியதுதான். மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் காய்கறிப் பையைச் சுமந்து வருகிற அன்று எனக்கும் பட்டை நாமம் போடுகிறதே, அதற்கு இது சரியாய்ப் போயிற்று.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பதும் வேடிக்கைதான். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965ல், யமாசா என்ற ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டுகிற காலடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் காலடி மீட்டர் என்று பொருள். விற்பதற்கு எடுப்பாக இருந்த முழு எண் அது, உலகம் முழுக்க மருத்துவ ஆலோசனையாகிவிட்டது. 2019ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தபோது, ஒரு நாளைக்கு 4,400 காலடி வைத்தவர்களுக்கே 2,700 வைத்தவர்களைவிட மரண அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட 7,500ஐத் தாண்டியபின் கூடுதல் லாபம் தெரியவில்லை.

இவர் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. கையை வீசி நடக்கச் சொன்னேன், பழக்கம் விடவில்லை. ஒருநாள் காலை அடுப்படிக்கு வந்து, "அந்தத் துருவலை இங்க கொடு" என்றார். இப்போது எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது, தயிர் கடைவது, சப்பாத்திக்கு மாவு பிசைவது எல்லாம் அவர். தேவைக்கு மேலேயே துருவிவிடுகிறார், தினமும் ஏதாவதொரு துவையல். ராத்திரி படுக்கப் போகுமுன் மணிக்கட்டைப் பார்த்து, "இன்னும் 2,500 பாக்கி இருக்கும்மா, துடைக்கிற துணி எதுவும் இருக்கா?" என்கிறார். 7,500 விஷயத்தை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.