ஓசி மெக்கானிக்

வண்ணாரப்பேட்டையில் ஏதாவதொரு ஒர்க்‌ஷாப்பில், பிரித்துக் கோத்த பழைய கார் இன்ஜினை முதன்முறையாக ஸ்டார்ட் செய்யப் போகிறார்கள் என்றால், வண்டியைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள்: பணம் போட்ட ஓனர், வேலை பார்த்த மேஸ்திரி, இரண்டும் செய்யாத ஒருவர். இந்த மூன்றாமவரை யாரும் அழைப்பதில்லை. பானெட்டைத் தூக்கினால் போதும், எந்தச் சந்திலிருந்தோ வந்துவிடுவார். மடித்துக் கட்டிய லுங்கி, முதுகுக்குப் பின்னால் கோத்த கைகள். அந்தக் கைகள் கடைசிவரை ஸ்பேனரைத் தொடாது. ஓசி மெக்கானிக் என்று பையன்கள் அவருக்குப் பெயர் வைத்திருப்பார்கள். என் கட்சி வேறு: அன்றைக்கு அந்த இன்ஜின் உயிர் பெற மூவரில் மிக அவசியமானவர் அவர்தான்.

அவருடைய தைரியம் காற்றில் வந்ததல்ல, வடசென்னையின் மண்ணில் விளைந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பக்கத்து எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறிவிட்டது. திருவொற்றியூரில் என்ஃபீல்டுக்காரர்கள் புல்லட் செய்தார்கள். ஆக, இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஷிஃப்டுக்குப் போன ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். “எங்க மாமா லேலண்டுல இருந்தாரு” என்பது இங்கே ஒரு பட்டப்படிப்பு. மாமா கேன்டீனில் இருந்தாரா, இன்ஜின் லைனில் இருந்தாரா என்று யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

எண்ணூரில் பூட்டிய அதே ஏ40-ஐயே எடுத்துக்கொள்வோம். 1200 சிசி, நாலு சிலிண்டர். போர் போட்டு, கிராங்க் கிரைண்டிங் முடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் ஏற்றியாயிற்று. ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் கம்பீரமாகச் சுற்றுகிறது. கார்புரேட்டர் வழியாக ‘டப்’பென்று ஒரு வெடி, அவ்வளவுதான். ஓனர் பேட்டரியைச் சந்தேகிப்பார். மேஸ்திரியைச் சந்தேகித்தால் கொடுத்த பணத்தையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டுமே! மேஸ்திரி பெட்ரோலைத் திட்டுவார். தன்னைத் திட்டிக்கொள்ள முடியாது. எதிரே எடுபிடிப் பையன் நிற்கிறான். பணமும் மானமும் போட்ட இருவரும் இப்படி வாயடைத்து நிற்க, எதையுமே போடாதவர்தான் வாய் திறக்கிறார்: “இன்னா நைனா, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் போட்டுட்டியா? ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழட்டு. ஓட்டையில கட்டைவிரலை வெச்சுக்கினு ஹாண்டிலைச் சுத்து.”

இதில் விஷயம் இருக்கிறது. பிஸ்டன் இரண்டு தடவை மேலே வந்தால், அதில் ஒரு தடவைதான் காற்றை அழுத்திக்கொண்டு வரும். மற்றது புகையை வெளியே தள்ளும் ஓட்டம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கட்டைவிரலுக்கு வேறு. விரலைக் காற்று எத்தித் தள்ளி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் ஒண்ணாம் நம்பர் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால், விடிய விடியச் சுற்றினாலும் வெடிதான் வரும், ஓட்டம் வராது. மேஸ்திரிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததைத் தன் மீதே பிரயோகிக்க ஒருவருக்கும் மனம் வராது என்பதுதான் சிக்கல்.

பத்து யோசனை சொல்கிறார், ஒன்பது தப்பு என்பார்கள். இருக்கட்டும். ஓடாத பெட்ரோல் இன்ஜினுக்கு அடிப்படைக் காரணங்கள் சொற்பம்: கரண்டு, பெட்ரோல், கம்ப்ரஷன், டைமிங். பாயிண்டைப் பார், கண்டென்சரை மாற்று, பெட்ரோல் ஏற்றும் ஏசி பம்ப்பை அமுக்கு என்று அவர் அடுக்கும்போது, அந்த ஒன்பது தப்பும் ஒன்பது கதவைச் சாத்திவிட்டுப் போகின்றன. பொறுப்பே இல்லாமல் பேசுகிறாரே என்பது அடுத்த புகார். பொறுப்பு இருந்தால் அவரும் மற்ற இருவரைப் போல மென்று முழுங்கியிருப்பார். அந்தப் பொறுப்பின்மைதான் அவருடைய தகுதி.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவர், “புது இன்ஜின்பா, ரேஸ் பண்ணாதே, ஸ்லோவா வுடு” என்பார். கேட்கப் பெரியவர் பேச்சாக இருக்கும். புது கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் வினையாக முடியும். கிராங்க் வேகமாகச் சுழன்று வாரியடிக்கும் ஆயில்தான் கேமுக்கும் டேப்பட்டுக்கும் போகிறது. ஆகவே முதல் இருபது நிமிஷம் ஆயில் பிரஷர் மீட்டரையும் டெம்பரேச்சரையும் பார்த்துக்கொண்டு, சுமார் 2000 ஆர்பிஎம்மில் ஓட விடுவதுதான் முறை. ஐடிலில் விட்டால் புது கேம் அன்றைக்கே தேயத் தொடங்கும்.

எனவே சட்டம் இப்படி இருக்கலாம்: ஸ்டார்ட் ஆகிறவரை ஓசி மெக்கானிக் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும், ஸ்டார்ட் ஆன அடுத்த நொடி யாராவது அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும், இருபது நிமிஷத்துக்குக் குறையாமல். அவர் சளைக்கமாட்டார். “நான் சொல்லித்தான்பா வண்டி எட்த்துச்சு” என்று சொல்ல அங்கே நாலு பேர் கிடைப்பார்கள். சொல்வது உண்மையும்கூட. டீக்காசு மட்டும் ஓனர் கணக்கு.