மெஸ்ஸி எங்கே? மெட்ரோ இந்தப் பக்கம்!

தோஹாவில் கார் இல்லாதவனை வெள்ளிக்கிழமை பிரியாணிக்குக் கூப்பிட யோசிப்பார்கள். "வந்துடுங்க" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் "ஆமா, எப்படி வருவீங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்வியிலேயே அழைப்பு பாதி வாபஸ். கூப்பிட்ட பாவத்துக்கு அவரே வந்து ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடவும் வேண்டுமே!

பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 2 ரியாலுக்குக் கிடைத்த ஊர் அது. அங்கே லேண்ட் குரூசர் என்பது வண்டியில்லை, குலப்பெருமை. மெட்ரோவில் ஒரு பயணத்துக்கும் அதே 2 ரியால்தான் என்று கணக்குப் போட்டு, ஓட்டுநர் பள்ளிப் பக்கமே தலைவைக்காமல் மன்சூரா பகுதியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். "மெட்ரோலயா வந்தீங்க?" என்று நண்பர்கள் விசாரிக்கும் குரலில், ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பவர்களின் கனிவு இருக்கும்.

2022 நவம்பர் 20 அன்று என் கிரகம் மாறியது. உலகக் கோப்பை கால்பந்து தொடங்கியது.

மற்ற நாடுகளில் இந்தப் போட்டி நடந்தால் ஊருக்கு ஊர் பறக்க வேண்டும். கத்தாரில் எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான். 32 அணிகளின் ரசிகர்களும் ஒரே ஊரில் வந்து இறங்கினார்கள். முதல் சுற்றில் பெரும்பாலான நாட்களில் நாளுக்கு நான்கு ஆட்டம். கடைசி ஆட்டம் இரவு 10 மணிக்குத் தொடங்கும். கார்னீஷ் கடற்கரைச் சாலையில் கார்கள் கூடாது, நடப்பவர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். ரசிகர்களுக்கான ஹயா அட்டை வைத்திருப்பவருக்கு மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம். மெட்ரோ விடியற்காலை 3 மணிவரை ஓடியது. லேண்ட் குரூசர்கள் வீட்டு வாசலில் தூசி தின்றன.

என் போன் ஓயாமல் அடித்தது. பிரியாணிக்குக் கூப்பிட யோசித்த அத்தனை பேரும் வரிசையில் வந்தார்கள். "974 மைதானத்துக்கு எப்படிங்க போறது?" தோஹா மெட்ரோவில் சிவப்பு, பச்சை, தங்கம் என்று மூன்று தடம், 37 நிலையங்கள், மூன்றும் கூடுகிற இடம் முஷெய்ரிப். "சிவப்புல ஏறி, முஷெய்ரிப்ல இறங்கி, தங்கத்துக்கு மாறி, கடைசி ஸ்டேஷன். சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மருந்துச் சீட்டு எழுதுகிற தோரணையில் சொல்வேன். கல்வி நகர மைதானமா? பச்சை. கலீஃபா மைதானமா? தங்கம். வாழ்நாளில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் வழி கேட்டதில்லை. அந்த மரியாதையை நான் கொஞ்சமும் மறுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த நேரத்தில்தான் சவூதியின் தம்மாமிலிருந்து பெரியம்மா மகன் வந்து சேர்ந்தார். தூத்தூர்க்காரர். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், அதிலும் அந்தப் பக்கத்து ஊர்களில், பிள்ளை நடக்கப் பழகும் முன்னே பந்தை உதைக்கும் என்பார்கள். அண்ணன் தம்மாமுக்குப் போன பிறகு உதைப்பது பந்தையல்ல, ஆக்சிலரேட்டரை. பகாலா எனும் மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கக்கூடக் காரில்தான் போவார். அந்தக் காரைச் சவூதி எல்லையில் விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருந்தார். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவந்த முகம். மேலே அர்ஜென்டினா ஜெர்சி.

"மைதானம் எவ்வளவு தூரம்டே?"

"கூப்பிடு தூரம்தாண்ணே."

நவம்பர் 22, லுசைல் மைதானம், பகல் 1 மணி, அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும். போகும்போது கூப்பிடு தூரம்தான். உள்ளே நடந்தது உலகத்துக்கே தெரியும். பத்தாவது நிமிடம் மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல். அதன்பின் முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் தள்ளிய மூன்று பந்துகளும் ஆஃப்சைடு. இடைவேளை முடிந்து வந்த சவூதி, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு முடித்துவிட்டது. அண்ணன் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். ஸ்டியரிங் இல்லாத குறை.

திரும்பும்போதுதான் உண்மையான ஆட்டம். ஏறக்குறைய 88,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். அத்தனை பேரையும் நேராக நிலையத்துக்குள் விட்டால் நடைமேடையில் உயிர்ச்சேதம்தான் மிஞ்சும். அதனால் கூப்பிடு தூரத்தில் தெரிகிற நிலையத்துக்கும் நமக்கும் நடுவே தடுப்புக் கம்பிகளை நட்டு, வடக்கே போ, திரும்பு, தெற்கே போ, திரும்பு என்று கூட்டத்தை மடித்து மடித்து விட்டார்கள். ரயிலில் உட்காரும் நேரம் கொஞ்சம், ரயிலை நோக்கி நடக்கும் நேரம் அதைப்போலப் பல மடங்கு. கார் இல்லாத உலகக் கோப்பையில் வாகனம் என்பது நம் கால்தான். மெட்ரோ அந்தக் காலுக்கு நடுவில் கொடுக்கிற ஓய்வு.

இந்த மடிப்பு வரிசையில் ஒரு சங்கடம் உண்டு. அடுத்த மடிப்பில் எதிரே வருகிற அதே முகத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் சந்தித்தாக வேண்டும். அண்ணனுக்கு வாய்த்தது, பச்சைக் கொடி போர்த்திய ஒரு சவூதிப் பெரியவர். முதல் சந்திப்பில் அண்ணனின் ஜெர்சியைப் பார்த்து, நெற்றியில் கைவைத்துத் தொலைவில் தேடுகிற பாவனையில், "வேர் இஸ் மெஸ்ஸி?" என்றார். அன்று சவூதி ரசிகர்கள் ஊரையே கேட்ட கேள்வி அது. அண்ணன் குனிந்துகொண்டார். அடுத்த மடிப்பில் மறுபடியும் "வேர் இஸ் மெஸ்ஸி?" அண்ணன் பதில் சொல்லும் முன்பே, உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த தொண்டர் ஒலிபெருக்கியில் பதில் சொன்னார்: "மெட்ரோ! திஸ் வே!"

கூட்டம் சிரித்து ஓய ஒரு மடிப்பு ஆயிற்று. மூன்றாம் சந்திப்பில் பெரியவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அதற்கடுத்ததில் பேரீச்சம்பழம். தம்மாம் அரபியில் அண்ணன் நன்றி சொல்ல, பெரியவரும் தம் காரை எல்லையில் விட்டு வந்தவர்தான் என்று தெரிந்தது. அவ்வளவுதான். அதன்பின் மெஸ்ஸியைக் காணோம், மைதானத்தைக் காணோம். தடுப்புக் கம்பியின் இரு பக்கமும் நின்று தங்கள் வண்டிகளைப் பற்றி இரண்டு பேரும் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். ரயிலிலும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

வெற்றியைக் கொண்டாட மறுநாள் சவூதி முழுக்க அரசு, தனியார் எல்லாருக்கும் விடுமுறை என்று மன்னர் அறிவித்தார். தன் அணி தோற்றதற்குத் தன் கம்பெனியிலேயே லீவு கிடைத்த பாக்கியவானாக அண்ணன் எங்கள் அறையில் போர்த்திக்கொண்டு படுத்தார்.

அந்த "மெட்ரோ, திஸ் வே" கோஷத்தைப் பிரபலமாக்கியவர், சூக் வாகிஃப் சந்தைப் பக்கம் பணியில் இருந்த ஒரு கென்யா இளைஞர். பெரிய பஞ்சு விரலை நீட்டி, அலுப்புத் தெரியாமலிருக்க ராகம் போட்டு வழி சொல்லப் போக, "மெட்ரோ?" என்று ரசிகர்கள் கேட்க, "திஸ் வே!" என்று அவர் முடிக்க, காணொளி உலகம் சுற்றியது. அவரைக் கௌரவிக்க, இங்கிலாந்து-அமெரிக்கா ஆட்டத்துக்கு அழைத்தார்கள். எங்கே? அல் பைத் மைதானத்துக்கு. கூடார வடிவில் அல் கோரில் நிற்கிற அந்த மைதானத்துக்கு மெட்ரோ கிடையாது! லுசைல் வரை மெட்ரோ, அப்புறம் பஸ். இதைவிட நல்ல நகைச்சுவையை நான் எழுதிவிட முடியாது.

அல் துமாமா மைதானத்துக்கும் கடைசிக் கட்டம் பஸ்தான். டிசம்பர் 10 அன்று போர்ச்சுகலை மொராக்கோ 1-0 என்று வீழ்த்திய இரவில் நான் ஏறிய பஸ்ஸில் ஓட்டுநரைத் தவிர யாரும் உட்காரவில்லை. உள்ளே எழுந்த கூச்சலில் ஹாரன் அடிக்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை.

டிசம்பர் 18-இல் கோப்பையை அர்ஜென்டினா வாங்கிக்கொண்டது. அண்ணன் தம்மாமிலிருந்து வீடியோ அழைப்பில் கூப்பிட்டுக் கத்தினார், காருக்குள்ளிருந்துதான். என் ஆலோசனைத் தொழில் அந்த வாரமே படுத்தது. வெள்ளிக்கிழமை ஒரு நண்பர் கூப்பிட்டு, "பிரியாணிக்கு வந்துடுங்க, மெட்ரோலயே வந்துடலாம்ல?" என்றார். முன்னேற்றம்தான்.

2026 உலகக் கோப்பையில் டெக்சஸின் ஆர்லிங்டனுக்கு ஒன்பது ஆட்டங்களை ஒதுக்கினார்கள். வழக்கமான தடங்களில் நகரப் பேருந்துகூட ஓடாத அமெரிக்க ஊர்களில் மிகப் பெரியது என்று பெயரெடுத்த ஊர் அது. அந்தப் பக்கம் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன், கார் ஓட்டத் தெரிந்த சொந்தக்காரர் யாராவது அங்கே இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.