சொறிகிறவனுக்கு ஒரு பட்டியல்

சென்ட் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வாயை மூடிக்கொள்வது ஐரோப்பிய வாசனைக் கம்பெனிகளின் நெடுநாள் வழக்கம். பரம்பரை ரகசியமாம். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் குறுக்கிட்டு, ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களின் பெயரை அட்டையில் போடச் சொன்னது. 2023இல் பட்டியல் எண்பதைத் தாண்டியது. தேய்த்துக் கழுவுவதில் 0.01 சதவீதம், பூசிக்கொண்டு திரிவதில் 0.001 சதவீதம்; அதற்கு மேல் போனால் பெயர் சொல்லியாக வேண்டும்.

ஓக்மாஸ் என்ற மரப்பாசியிலுள்ள அட்ரனாலுக்கோ 2017இல் நேரடித் தடை. உடனே ஒப்பாரி: கலை செத்தது, பாட்டி காலத்து வாசனை போயிற்று! பாசியிலிருந்து அட்ரனாலை மட்டும் பிரித்தெடுக்க வழி உண்டு என்பதை ஒப்பாரியில் சேர்ப்பதில்லை. சுருதி கெட்டுவிடும் அல்லவா?

எனக்குப் பிடித்தது, பட்டியலில் உள்ள லிமோனீன் என்ற பொருளின் விவகாரம். எலுமிச்சைத் தோலெங்கும் அதுதான். புட்டியில் ஏறினால் பெயர் எழுதிக்கொண்டு வர வேண்டும். சந்தைக் கூடையில் அநாமதேயமாக உட்கார்ந்திருக்கலாம். அதுவும் காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறிய பிறகுதான் தோலை அதிகம் சீண்டுமாம். ஆக, வாங்கியதும் தாராளமாக அடித்துத் தீர்த்த ஊதாரி தப்பித்துக்கொள்கிறார். விசேஷத்துக்கு மட்டும் என்று வருடக்கணக்கில் பொத்திவைத்த சிக்கனக்காரர்தான் விருந்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.