மொத்தமாக வாங்கு, தனித்தனியாக உரி

சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளின் ஒற்றுமையைப் பார்த்தால் கண்பட்டுவிடும். அண்ணனும் தம்பியும் கூட்டாக ஒரு கார் வாங்கினால் மூன்றாம் மாதம் முகம்பாராமல் போகிற இனம் நாம். அவர்களோ ஒரு பெட்டி கையுறை வாங்குவதற்குக்கூடக் கூடிப் பேசுகிறார்கள். ஆறாக இருந்த பொது மருத்துவக் குழுமங்களை மூன்றாக்கப்போவதாக 2017-ல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே பொது மருத்துவத் துறைக்கென்று சேர்த்துக் கொள்முதல் செய்ய ஆல்ப்ஸ் என்று ஓர் அமைப்பு வந்தது. சிமெயில் நிற்கும் சாங்கி பொது மருத்துவமனையும் அவுட்ராமில் நிற்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் இனி ஊசிக்காகத் தனித்தனியே பேரம் பேசி ஏமாற வேண்டியதில்லை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நூறு பெட்டி கேட்டால் விற்பவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விலை சொல்வான். பல லட்சம் கேட்டால் எழுந்து நின்று சொல்வான். தரத்தை ஒரே இடத்தில் சோதிக்கலாம். கையிருப்பைச் சேர்த்து வைக்கலாம். ஆபத்தும் உண்டு, எல்லோரும் ஒரே கடையில் வாங்கினால் அந்தக் கடை மூழ்கும்போது எல்லோரும் மூழ்க வேண்டும். 2024-ல் ஹெலீன் புயல் வட கரோலினாவில் ஒரே ஒரு பேக்ஸ்டர் தொழிற்சாலையை வெள்ளத்தில் அமுக்கியதும், அமெரிக்கா முழுக்க மருத்துவமனைகள் சலைன் பைகளை எண்ணி எண்ணிச் செலவு செய்தன. அந்தப் பாடத்தை நம்மவர்கள் படித்திருப்பார்கள். படிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

என் சந்தேகம் வாங்கும் இடத்தில் இல்லை, பில் போடும் இடத்தில்.

ஒரே ஒப்பந்தத்தில், ஒரே விலையில், ஒரே லாரியில் வந்திறங்கிய சலைன் பை வார்டுக்குள் நுழைந்ததும் அடையாள அட்டை கேட்கிறது. இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கும் குடிமகன் சி வகுப்பில் படுத்தால், வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை மானியம். நீல அட்டை நிரந்தரவாசிக்கு அதைவிடக் குறைவு. வெளிநாட்டுத் தொழிலாளியின் ஒர்க் பெர்மிட் அட்டை என்றால் முழு விலை, அதற்கு மேல் ஜிஎஸ்டி. மானியம் பெறும் நோயாளியின் ஜிஎஸ்டியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. மானியம் பெறாதவன் இரண்டையும் சுமக்க வேண்டும். வாங்கும்போது நாமெல்லாம் ஒரு குடும்பம். கட்டும்போது, தம்பி, நீ யார்?

“வரி கட்டுகிறவர்களுக்குத்தானே மானியம்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; கேட்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கும் டூத்பேஸ்ட்டுக்கு ஒர்க் பெர்மிட்காரனும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி கொடுக்கிறான், அங்கே யாரும் அட்டையின் நிறத்தைக் கேட்பதில்லை. அது சில்லறை. பெரிய கணக்கு லெவி. கட்டுமானத் துறையில் தேர்ச்சி குறைந்த ஊழியர் ஒருவருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுவது 2024 முதல் மாதம் 900 வெள்ளி. ஆண்டுக்கு 10,800. அந்த ஊழியரின் அடிப்படை மருத்துவத்துக்காக 2022 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் அதே முதலாளி கட்ட வேண்டியது ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை என்றார்கள். 10,800-ஐ 108-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக நூறு. திட்டமிட்டு இப்படி ஒரு கணக்கை அமைக்க முடியாது. அதற்குத் தனி அருள் வேண்டும்.

அந்த 2022 திட்டம் நல்ல திட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நன்றிகெட்டவன் என்பார்கள். அதுவும் கூட்டுக் கொள்முதலே. தீவை ஆறு வட்டாரமாகப் பிரித்து, ஃபுல்லர்டன் ஹெல்த், சாட்டா காம்ஹெல்த், செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை ஆகியவற்றிடம் ஒப்படைத்தார்கள். ஊழியர் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி, தொலைபேசித் திரையில் பார்க்க 2 வெள்ளி என்று வைத்தார்கள். அருமை. ஆனால் இந்தத் தொழிலாளிகளைக் கூட்டமாகச் சேர்த்தால் மருத்துவம் மலிவாகும் என்ற ஞானம் எப்போது பிறந்தது?

2020-ல். பிப்ரவரியில் சாங்கி கண்காட்சி மையத்தில் விமானக் கண்காட்சி நடந்தது. போர் விமானங்களைக் காட்டி வியாபாரம் பேசினார்கள். ஏப்ரலில் அதே இடத்தில் கொவிட் தொற்றியவர்களுக்குக் கட்டில் போட்டார்கள். பக்கத்தில் எக்ஸ்போ மண்டபங்களிலும் கட்டில். தங்கும் விடுதிகளில் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக, அதற்கு மேலும், அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் தொற்று வந்து போயிருந்தது. ஒன்றரை லட்சம் பேர்! உலகச் சந்தையில் இவ்வளவு பெரிய கூட்டு ஆர்டரை எந்த மருத்துவமனைக் குழுமமும் கொடுத்ததில்லை. பலனும் கைமேல் கிடைத்தது: பரிசோதனை இலவசம், சிகிச்சை இலவசம். தனியாக ஒருவன் முதுகுத்தண்டு பிசகிப் படுத்தால் கிடைக்காத சலுகை, ஒன்றரை லட்சம் பேர் ஒத்துழைத்து நோயுற்றதும் கிடைத்தது.

ஆகவே தொழிலாளத் தோழர்களுக்கு என் பணிவான யோசனை: தனித்தனியாக நோயுறுவதை உடனே நிறுத்துங்கள். அது சில்லறை வியாபாரம். குடலிறக்கம் என்றால் விடுதி முழுக்கக் குடலிறங்கட்டும். பித்தப்பைக் கல் என்றால் துவாஸ் முதல் சாங்கி வரை கல் விளையட்டும். கூடவே முக்கியமான நிபந்தனை ஒன்று: அது ஊருக்குள் பரவும் நோயாக இருக்க வேண்டும். நம் அடுக்குமாடி வீட்டு மின்தூக்கிவரை வரக்கூடிய கிருமி என்றால் திட்டம் தயாராவதற்கு இரண்டே வருடம். முதுகுவலி பரவாது, அதற்குக் கோடாலித் தைலம் இருக்கிறது.

முதலாளிகளுக்கும் கூட்டுக் கொள்முதல் தெரியும். ஆயிரம் ஆள் அனுப்புகிறோம், கட்டணத்தைக் குறை என்று கிளினிக்கோடு பேசுவது ஒரு கலை. நடுவில் நின்று சதவீதம் வாங்கிய இடைத்தரகு நிறுவனங்களை மருத்துவ மன்றம் 2017-ல்தான் தட்டிக்கேட்டது, மருத்துவர்கள் அப்படிச் சதவீதம் கொடுக்கக் கூடாது என்று. சில இடங்களில் பேரம் பேசிக் குறைத்தது கட்டணத்தை மட்டுமல்ல, விடுப்பையும். வேலையில் அடிபட்டவனுக்கு மூன்று நாளுக்கு மேல் எம்சி என்ற மருத்துவ விடுப்பு கொடுத்தால் மனிதவள அமைச்சுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பர் வரை இருந்தது. ஆகவே எலும்பு முறிவும் இரண்டு நாளில் கூடிவிடும்; அப்புறம் ‘லைட் டியூட்டி’. கையில் அறுவை சிகிச்சை செய்த கட்டுமான ஊழியருக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிய மருத்துவர் ஒருவரை 2016-ல் நீதிமன்றம் ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. மருத்துவர் ஓய்வெடுத்தது நோயாளியைவிடத் தொண்ணூறு மடங்கு.

பெரிய சிகிச்சைக்கு காப்புறுதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 15,000 வெள்ளியாக இருந்த குறைந்தபட்சக் காப்புறுதி 2023 ஜூலையில் 60,000 ஆனது; முதல் 15,000-க்கு மேல் வருவதில் கால் பங்கு முதலாளி தலையில். அந்தக் கால் பங்குதான் மேசை முன்னால் வந்து நிற்கிறது. உயிர் போகிற அவசரம் என்றால் உடனே பார்ப்பார்கள், அதை மறுக்கக் கூடாது. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை என்றால் முதல் கேள்வி, “கம்பெனி எல்ஓஜி எங்கே?” உத்தரவாதக் கடிதம். சூப்பர்வைசருக்கு அழைப்பான், அவர் அலுவலகத்துக்கு என்பார், அலுவலகம் முதலாளி ஊரில் இல்லை என்னும். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கியபடி, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “சார், ஒரு லெட்டர் மட்டும் சார்” என்று அவன் கெஞ்சும் தொனி இருக்கிறதே, அதை எந்த டெண்டரிலும் மொத்தமாக வாங்க முடியாது.

அவன் ஊரில் என்ன நடக்கிறது தெரியுமா? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பூரணலிங்கம் என்ற ஐஏஎஸ் அதிகாரி முதல் நிர்வாக இயக்குநர். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன்பாட்டுக்கு மருந்து வாங்கிக் கமிஷன் பார்த்த காலத்தை மூடிவிட்டு, மாநிலத்துக்கே ஒரு டெண்டர், மாவட்டத்துக்குக் கிடங்கு, மருந்தைப் பரிசோதித்த பின்னரே விநியோகம், ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு தொகைக்கு எடுக்கலாம் என்று ஒரு பாஸ்புக். கேரளமும் ராஜஸ்தானும் பார்த்துச் செய்தன. அங்கே எல்லாம் பொன்மயம் என்று சொல்ல வரவில்லை. “ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கம்மா” என்ற குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் மொத்தமாக வாங்கிய மலிவு கடைசியில் போய்ச் சேரும் இடம் தெளிவு: வரிசையில் நிற்கும் கிழவியின் கை. மாத்திரை அட்டையின் பின்புறம் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். விடுமுறைக்குப் போன மகன் திரும்பும்போது சர்க்கரை மாத்திரை அட்டை இரண்டு அவன் பையில் ஏறுகிறது. அம்மா தன் பங்கிலிருந்து கொடுத்தது. தலைக்கு வருமானத்தில் உலகின் உச்சியில் இருக்கும் ஊரில் கொங்கிரீட் போடுகிறவனுக்கு, சிவகங்கைக் கிழவி மருந்து மானியம் தருகிறாள்.

வீட்டுப் பணிப்பெண்களைச் சொல்லவில்லையே என்கிறீர்களா? 2022 திட்டமும் சொல்லவில்லை. அவர்கள் விடுதியில் இல்லை, வீட்டுக்கு ஒருத்தியாக இருக்கிறார்கள். அங்கே கூட்டம் சேராது. சட்டப்படி மருத்துவச் செலவு மேடத்துடையது. காய்ச்சல் என்றால் மேடம் அலமாரியைத் திறந்து இரண்டு பனடால் எடுத்துக் கொடுப்பார், பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போட்டுக்கொள் என்று.