காளைக்கு ஒட்டாத அடைமொழி

கேள்வி: ‘பெர்ஃபார்மிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன, மதுரைப் பக்கத்து அலங்காநல்லூருக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நெருங்கிய சம்பந்தம்! ஆபீசில் ‘நல்லா பெர்ஃபார்ம் பண்றார்’ என்றால் பாராட்டு. ‘பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்’ என்றால் மேடைக் கலைகள். சட்டத்தில் அதே சொல் மிருகத்தோடு சேர்ந்தால், வித்தை காட்டும் விலங்கு. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி மத்திய அரசு பட்டியலில் சேர்த்த விலங்கை வித்தைக்குப் பழக்கவோ காட்டவோ கூடாது. கரடி, குரங்கு, புலி, சிங்கம் இருந்த பட்டியலில் 2011 ஜூலையில் காளையும் ஏறியது. அதன் தொடர்ச்சியாக 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது.

ஜல்லிக்கட்டுக் காளைகள் வெளியே பாயும் வாடிவாசலைப் பார்த்தவர்களுக்கு ‘பெர்ஃபார்மிங்’ என்ற அடைமொழி ஒட்டவே ஒட்டாது. சர்க்கஸ் புலி சொன்னதைச் செய்யும். இங்கே ஒரு காளை ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும். இன்னொன்று திரும்பி நின்று, காலால் மண்ணைக் கிளறி, திமிலைப் பிடிக்க வருகிறவர்களைச் சுற்றிச் சுற்றி விரட்டும். எது எப்படி என்று வளர்த்தவருக்கே உறுதியாகத் தெரியாது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டத்தோடு முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மதுரைக்கு வந்தும், நிரந்தரத் தீர்வு கேட்டு அலங்காநல்லூர்க்காரர்கள் வாடிவாசலைத் திறக்கவிடவில்லை. பிறகு தமிழ்நாட்டுக்காக மிருகவதைத் தடுப்புச் சட்டமே திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.